ஒரு நாள் வேலை

…கல்யாணம் என்றால் ஒன்றை அழுத்தவும், குழந்தை பிறந்திருந்தால் இரண்டு, விவாகரத்துக்கு மூன்று, குடும்பத்தில் இறப்பு என்றால் நான்கு, என்ன மரியாதை பாருங்கள், கல்யாணத்துக்கு என்ன குரலோ அதே குரல்தான் சாவுக்கும். மருத்துவ இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போன் போட்டு டுவேன் நான்கை அழுத்தி அரைமணி நேரமாகிறது, போனை மேசைமேல் பேசவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்புத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இருமல் வந்தால் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் இதய ஆபரேஷனுக்காகப் பிளந்து தைத்த நெஞ்செலும்பு விட்டுவிடுமாம், அறுபத்திரண்டு வயதில் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிழைப்பு… வெளியே தொழுவத்தில் பால் கறக்கிற இயந்திரம் ஓடுகிறது, இன்றைக்கு யார் முறையோ, மனைவி மார்லிஸைப் புதைத்த நாளிலிருந்து அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான் முறை வைத்துக் கறந்து கொடுக்கிறார்கள், விஸ்கான்சின்காரன் வாயால் ஆறுதல் சொல்லமாட்டான், மாட்டைக் கறந்து கொடுத்துவிட்டுப் போவான். கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவளுடைய பள்ளிக்கூடச் சமையலறை ஏப்ரன் இன்னும் தொங்குகிறது. அதை எடுக்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. மாத்திரைப் புட்டியில் நாலைந்துதான் மிச்சம், ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரை, நேற்று மருந்துக்கடைப் பெண், "உங்க இன்சூரன்ஸ் இல்லன்னு வருதே, டுவேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள், இல்லையென்றால் அவன் ஏன் இந்தப் போனைத் தொடப்போகிறான், இதெல்லாம் மார்லிஸ் பார்க்கிற வேலை.

போனில் பாட்டு நின்றது, யோலண்டா என்று ஒருத்தி வந்தாள், நல்ல குரல், "வீட்டுல எத்தனை பேரு சார்?" என்றாள், அவன் யோசிக்காமல் எழுபது என்றான். "சார்?" "மாட்டையும் சேத்து." அவள் சிரித்துவிட்டாள். "மாட்டுக்கெல்லாம் நாங்க பாலிசி தரதில்ல சார். மனுஷங்க மட்டும் சொல்லுங்க." ஒன்று. சொல்லிப் பார்த்தால் எவ்வளவு சின்ன எண். "இருந்த இன்சூரன்ஸ் யார் பேர்ல?" என் மனைவி பேரில், ஸ்கூலில் சமையல் வேலை, அந்த இன்சூரன்ஸில்தான் நானும்… சொல்லும்போதே நாக்கு கூசியது, பண்ணைக்காரனுக்கு ஏது காப்பீடு, இந்தப் பக்கம் பாதி வீட்டில் பெண்சாதி டவுனில் வேலைக்குப் போவது அதற்குத்தான், ஆனால் ஒரு ஆண்பிள்ளையும் அதை ஒத்துக்கொள்ள மாட்டான், இவன் மட்டும் ஒத்துக்கொண்டானா, 'அது அவ கைச்செலவுக்கு' என்பான், 'சும்மா வீட்ல இருக்க முடியல, குழந்தைங்கன்னா அவளுக்கு உசுரு' என்பான், இருபத்தாறு வருஷமாகத் தீவனக்கடை, சர்ச் வாசல், எங்கே நின்றாலும் இதே கதை.

"இன்சூரன்ஸ் என்னைக்கு முடிஞ்சது சார்?" அவள் செத்த அன்றைக்குத்தான், வேறென்றைக்கு, செப்டம்பர் இரண்டாவது வாரம். "உங்க ஆபரேஷன்?" அதற்கு அடுத்த வாரம். அந்தப் பக்கம் அவள் எதையோ தட்டிப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடியில்தான் அவனுக்கு உறைத்தது, தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி, அவள் செத்ததும் காப்பீடும் செத்திருந்தால் அந்த ஆபரேஷனுக்கு யார் பணம் கொடுத்தார்கள், யாரும் கொடுக்கவில்லையா, பில் இனிமேல்தான் வருமா, மாடு, நிலம், டிராக்டர், எல்லாம் போயிற்றா, இதயத்தை ரிப்பேர் செய்துவிட்டு அதை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கவா… "பயப்படாதீங்க சார்," என்றாள் யோலண்டா. "இறந்த தேதி வேற, இன்சூரன்ஸ் முடியற தேதி வேற. மாசக் கடைசி வரைக்கும் ஓடும். எங்கம்மா ஸ்கூல் பஸ் ஓட்டினாங்க, எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற அன்னைக்கு அவங்க வேலைக்குப் போயிருக்கணும். போகலைன்னா பல ஊர்ல ஆகஸ்டோட சரி. ஒரு நாள் போய் நின்னுட்டாலும் போதும், அந்த மாசம் பூரா உண்டு. போனாங்களா சார்?"

போனாளா… போனாள். கணையத்தில் புற்று, ஜூலையில் சொன்னார்கள், ஆகஸ்டில் மாடிப்படி ஏற முடியவில்லை, ஒரு கரண்டி சூப் இறங்கவில்லை, செப்டம்பர் பிறந்து பள்ளி திறக்கிற அன்று விடியும்போதே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றாள், ஏப்ரன் இரண்டு சுற்று சுற்றியது. "என்னைக் கொண்டுபோய் விடு, டுவேன்." புத்தி கெட்ட மனுஷன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "நீ இல்லன்னா அந்த ஸ்கூல் இடிஞ்சா விழும்? சாகற நேரத்துலயும் ஊரான் பிள்ளைங்கதானா உனக்கு?" அவள் சண்டை போடவில்லை. "ஒரு நாள்தான். இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடறேன்." வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போனான், பிடித்த பிடி விடாதவன், விட்டானா பாருங்கள். அவள் கூட வேலை பார்க்கிற ஜாய்ஸ் வந்து கூட்டிப்போனாள், மதியத்துக்கு முன்னே கொண்டுவந்தும் விட்டாள், ஸ்டூலில் உட்காரவைத்துப் பால் டப்பா எடுத்துக் கொடுக்கச் சொன்னோம் என்றாள், இவனைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மார்லிஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், நோவில் அழுத்துகிறாள் என்று நினைத்தான். அன்று ராத்திரி சொன்னாளே, "எது நடந்தாலும் உன் ஆபரேஷனைத் தள்ளிப் போடக்கூடாது, சத்தியம் பண்ணு." எது நடந்தாலும் என்றால் சோளம் அறுப்பு, பசு கன்று போடுவது, இப்படித்தான் அவன் புத்தி போயிற்று. அடக்கம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனதுகூட அந்தச் சத்தியத்துக்காகத்தான். அவள் மேல் இந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை, எழுந்து நடமாடிய கடைசி நாளை எனக்குக் கொடுக்காமல் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ கொடுத்துவிட்டாளே என்று, கல்லறையில் நின்றபோதும் இருந்தது, ஐயோ, நேற்று ராத்திரிகூட இருந்தது.

"சார்? போனாங்களா?"

போனா, என்றான். தலையணையை இறுக்கிக்கொண்டு மறுபடியும் சொன்னான். "அப்பாடா. அப்ப உங்க ஆபரேஷனுக்கு ஒண்ணும் ஆகாது. மருந்துக்கும் இப்ப புதுசா பாலிசி போட்டுடலாம்," என்றாள், பாவம், அவளுக்குச் சந்தோஷம், "அவங்களுக்கு அந்த வேலைன்னா ரொம்பப் பிடிக்கும்போல, உடம்பு முடியாம இருந்தும் போயிருக்காங்களே?" ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், இருபத்தாறு வருஷமாகச் சொல்லிப் பழகிய ஆமா… மார்லிஸ் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? பிடிக்கும் என்று, ஒரு தடவையாவது, அவள் வாயால்? தேடினான். பனிக்காலத்தில் இருட்டோடு எழுந்து காரின் கண்ணாடியைச் சுரண்டுவாள், வந்ததும் சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள், என்ன சமைத்தாய் என்றால் இருநூறு பேருக்கு மக்ரோனி என்பாள். அவ்வளவுதான் ஞாபகம் வருகிறது. கொக்கியில் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருக்கிறது. "தெரியாதும்மா," என்றான், "நான் கேட்டதே இல்ல." யோலண்டா, சிகரெட் பழக்கம் உண்டா சார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.