ஷட்டருக்கு மோட்டார்

என் மகனுக்குத் தங்கமான மனசு. எனக்கு எரிச்சலே அதில்தான்.

அவன் அப்பாவுக்கு பெயிண்ட் கடை. வருஷக்கணக்காகக் காலையில் குனிந்து அந்த இரும்பு ஷட்டரைத் தூக்குவார், ராத்திரி இழுத்துச் சாத்துவார், நடுவில் பெரிய பெரிய டப்பாக்களோடு மல்லுக்கட்டுவார். அவருக்கு அறுபத்தைந்து முடிந்ததும் மகன் உத்தரவு போட்டுவிட்டான். டப்பா தூக்க ஆள் வந்தது, ஷட்டருக்கு மோட்டார் வந்தது, கல்லாவுக்குப் பின்னால் சாய்வு நாற்காலி வந்தது. தெருவே மெச்சியது. இவரும் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. எடை மெஷினில் எப்போதும் அதே எண்தான். ஆனால் பேன்ட் தொடையில் தொளதொளத்தது, வயிற்றில் பொத்தான் திணறியது. நாற்காலியை விட்டு எழ இரண்டு கையையும் ஊன்றினார். ஜாம் பாட்டிலைத் திறந்து தரச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவினார்.

விடாப்பிடியாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கைப் பலம் அளக்கும் ஒரு கைப்பிடியைக் கொடுத்து இவரை இறுக்கச் சொன்னார். முள் கொஞ்சம்போல நகர்ந்து நின்றுவிட்டது. எடை ஏறவே இல்லையே என்று நான் சொன்னதற்கு அந்தம்மா சிரிக்கவில்லை.

"எடை அப்படியேதான் இருக்கும்மா. உள்ள சதை கரைஞ்சு, அந்த எடத்துல கொழுப்பு சேந்திருக்கு. வயசானவங்களுக்கு சதை குறைஞ்சா இதயத்துக்கும் ஆபத்து கூடும். இவருக்கு பிரஷரும் ஏறியிருக்கு. உக்கார வச்சே வச்சிராதீங்க. கொஞ்சங் கொஞ்சமா பழக்கணும். திடீர்னு மூச்சப் பிடிச்சு எதையும் இழுக்கக் கூடாது."

உழைத்து ஓய்ந்த மனுஷனை மறுபடி உழைக்கச் சொல்வதா என்று மகன் கோபித்துக்கொண்டான். இந்த வயதில் குஸ்தி போடவா என்று இவர் சிரித்தார். நான் கத்தியதெல்லாம் காற்றோடு போயிற்று.

அன்று மத்தியானம் டீ கொண்டுபோனேன். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு எழுப்பிவிட்டு, என்னிடமிருந்த ரிமோட்டை அழுத்தினால் ஷட்டர் அசையவில்லை, கரண்ட் இல்லை. மகனுக்குப் போன் போட்டேன், கரண்ட் வரும்வரை உள்ளேயே இருக்கச் சொல் என்றான். அதற்குள் பக்கத்துக் கடைக்காரர், முதலாளியை மோட்டார் சிறை வைத்துவிட்டதே என்று கிண்டலடித்தார். அது உள்ளே கேட்டுவிட்டது.

கரண்ட் இல்லாதபோது இழுக்க உள்ளே ஒரு சங்கிலி உண்டு. அதைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"நீ சும்மா இரு. நான் தூக்காத ஷட்டரா?"

சங்கிலி கடகடவென்று ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது, சீக்கிரமே நின்றது. ஷட்டர் ஒரு சாண் ஏறியது. கடைக்காரரும் நானும் வெளியிலிருந்து பிடித்துத் தூக்கினோம், அசையவில்லை. குனிந்து பார்த்தேன். எம்பி நின்ற அவருடைய குதிகால்கள் வெடவெடவென்று நடுங்கின.

"போதுங்க, விட்ருங்க."

"இன்னும் ஒரே இழுப்பு," என்றார். குரலில் காற்றே இல்லை.

செருப்பு வழுக்கியது. முழங்கால் தரையில் வந்து விழுந்தது, அப்புறம் தோள்.

கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். எப்போது கரண்ட் வந்ததோ தெரியாது. ஷட்டர் நிதானமாக மேலே போனது. அவர் சங்கிலியைப் பிடித்தபடியே கிடந்தார், கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

வைக்காமல் இடுப்பில் செருகியிருந்த போனில் மகன் இன்னும் இருந்தான்.

"கரண்ட் வந்துடுச்சாம்மா? சிரமமில்லாம தெறந்துடுச்சா?"

"தெறந்துடுச்சுடா," என்றேன். "நீ வா."