றோசம்மாவின் முழங்காலுக்கு எழுதிய மனு

அன்று மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக் அறையில் நான்கு பேர் இருந்தோம். டொக்டர் மதுஷிகா மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி. மேசையோடு ஒட்டிய கதிரையில் என் மனைவி றோசம்மா, வலது காலை நீட்டியபடி. நோயாளரைப் படுக்கவைக்கும் கட்டிலின் ஓரத்தில் மகள் ஜெயனி. கதவோரத்து வாங்கில், மடியில் கோப்புடன், அந்தோனிமுத்து ஆகிய நான்.

அது இரண்டாம் தடவை. முதல் தடவை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார்கள். நாலு பக்கப் படிவம் ஒன்றைத் தந்து, வீட்டில் வைத்து நிரப்பித் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். முழங்கால் நோ பத்துக்கு எத்தனை, எதைச் செய்ய முடியவில்லை, எதைச் செய்ய ஆசை என்று கேள்விகள். றோசம்மா கடற்கரைக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நானே அதை நிரப்பி அனுப்பிவிட்டேன்.

கடற்றொழில் சங்கத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். இடம்பெயர்ந்து மறுபடி விடத்தல்தீவுக்கு வந்த காலத்தில், ஊரில் பாதிப் பேரின் மனு என் கையெழுத்தில்தான் அரசாங்கக் கச்சேரிக்குப் போனது. கூரை ஒழுகுகிறது என்று எழுதிய வீட்டுக்கு ஒன்றும் வராது. கூரையே இல்லை என்று எழுதினால் பத்துத் தகரமாவது வரும். அந்தப் பழக்கத்தில், மேற்படி நோயாளி ஓரடிதானும் எடுத்துவைக்க இயலாதவராகப் படுக்கையில் இருப்பதாகவும், உடனடிச் சத்திரசிகிச்சைக்குத் தயவுடன் ஆவன செய்யுமாறும் எழுதினேன். நோவுக்குப் பத்துக்குப் பத்துப் போட்டேன்.

டொக்டர் அதை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, பஸ் தரிப்பிடத்திலிருந்து நடந்தே வந்திருந்த றோசம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, இதில இருக்கிற ஆள் நீங்களோ?"

றோசம்மா எட்டிப் பார்த்தாள். "இது ஆரோ பாயோட கிடக்கிற மனிசி, டொக்டர். பாவம்."

ஜெயனி குனிந்து சிரிப்பை அடக்கினாள். நான் கோப்பைத் திறந்து மூடினேன். டொக்டர் கோபிக்கவில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நம்பி, மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சைக்கான யாழ்ப்பாணப் பட்டியலில் றோசம்மாவின் பெயரை முன்னுக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதமே கூப்பிடுவார்கள்.

பிறகு, இந்தக் காலால் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார். நோ இல்லாமல் இருக்க வேணும் என்றேன் நான். அம்மா இனி வேலைக்குப் போகத் தேவையில்லை என்றாள் ஜெயனி. டொக்டர் எங்கள் இருவரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

றோசம்மா முழங்காலைத் தடவினாள். "எனக்குக் கரையில இருந்து நண்டு கழட்ட வேணும், டொக்டர். மணலில, மற்றப் பொம்பிளையளோட. கதிரையில குந்தி றோட்டைப் பார்க்க என்னால ஏலாது."

முப்பத்தெட்டு வருடம் அவளோடு இருக்கிறேன். காலையில் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றப் போவது வீட்டுச் செலவுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டொக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூட்டை மாற்றினால் பெரும்பாலானோருக்கு நோ நன்றாகக் குறையும், சிலருக்குக் குறையாது. தேறி வரச் சில மாதங்கள் எடுக்கும். நிலத்தில் இருந்து எழும்புவதும் முழங்காலில் நிற்பதும் பலருக்குக் கஷ்டமாகவே இருக்கும். தொடைக்குப் பலம் தரும் பயிற்சி, பூச்சு மருந்து, கொஞ்சம் எடை குறைப்பு, கையில் ஒரு தடி என்பது இன்னொரு வழி. தேய்ந்தது திரும்ப வராது, ஆனால் விடாமல் செய்தால் நடக்க இலேசாகும். முழங்காலில் போடும் ஊசியின் சுகம் சில கிழமைக்குத்தான். பயிற்சியில் தொடங்கினால், பிறகு சத்திரசிகிச்சைக்கு மாறலாம் என்றார். வீட்டில் பேசி, றோசம்மாவே கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பும்படி கேட்டார்.

தடி என்ற சொல்லுக்கு றோசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன்.

வீட்டில் ஒரு கிழமை பேச்சு நடந்தது. இப்போது விட்டால் பிறகு அம்மா படுத்துவிடுவா என்று ஜெயனிக்குப் பயம். சத்திரசிகிச்சை செய்தால் மூன்று மாதம் லீவு போட்டுத் தாயைப் பார்ப்பதாகவும் சொன்னாள். எனக்கும் அதே பயம்தான். விடிய றோசம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்து மூச்சை அடக்கி எழும்பும் சத்தத்தை, நித்திரை போலக் கிடந்து தினமும் கேட்கிறவன் நான்.

சனிக்கிழமை பின்னேரம் தாளை எடுத்தேன். "மிகத் தாழ்மையுடன்" என்று தொடங்கினேன்.

"தாழ்மை ஒண்டும் வேண்டாம். வணக்கம் டொக்டர் எண்டு எழுதுங்கோ," என்றாள் றோசம்மா.

வெட்டிவிட்டு எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கோயில் படியில் நோ ஏழு. மணலில் மூன்று. விடிய எழும்பும்போது எட்டு.

"எட்டரை எண்டு போடட்டோ?"

"அதென்ன, மீன் நிறுக்கிறியளே?"

எட்டு என்றே போட்டேன். ஆறு மாதம் பயிற்சி செய்து பார்க்கிறேன், பெயரை வெட்டாமல் பின்னுக்குப் போட்டுவையுங்கள், அதில் சுகம் காணாவிட்டால் நானே வந்து கேட்பேன் என்றாள். கரையில் மணலில் இராமல், மூன்று மாதத்துக்கு ஒரு பலகைப் பெட்டியில் இருந்து வேலை செய்வதாகவும் சொன்னாள். அதோடு முடிந்தது என்று பேனையை மூடப்போனேன்.

"இன்னும் ஒரு வரி கிடக்கு," என்றாள். "நீங்கள் பயப்பிடுறியள். விடியப்புறம் முழிச்சுக் கிடக்கிறது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்? அதையும் எழுதுங்கோ."

"டொக்டருக்கு அது என்னத்துக்கு?"

"என்ர காலைப் பற்றித்தானே கடிதம். அதில நீங்களும் இருக்கிறியள்."

அவள் சொன்னபடியே எழுதினேன்: *நான் விழுந்துவிடுவேன் என்று இவர் பயப்படுகிறார். அதற்காகப் படியில் ஏறும்போது தடி பிடிப்பேன். கரையில் பிடிக்க மாட்டேன்.*

ஒரு மனுவில் என்னைப் பற்றி எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்து கொஞ்சம் கோணிப்போனது. திருப்பி எழுதட்டுமா என்று கேட்டேன். விளங்குது, காணும் என்றாள். ஜெயனியைக் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். ஜெயனி வாசித்து முடித்து, தாயின் பக்கத்தில் போய் இருந்தாள். பிறகு ஆறு மாதம் எப்போது முடிகிறது என்று கலண்டரில் பார்த்துக் குறித்தாள். றோசம்மா மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்திட்டாள்.

திங்கட்கிழமை உப தபால் கந்தோருக்கு இருவரும் போனோம். பதிவுத் தபாலில் போடுவோமா என்று நான் கேட்க, சாதாரண முத்திரை போதும் என்றாள். நான் பசை தடவ, அவள் உறையை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். தபாலதிபர் திகதி முத்திரை குத்தி, மன்னார் பஸ்ஸுக்குப் போகும் பையில் அதைப் போட்டார்.