கோடுகள் விழுந்த இடம்

மேலிருந்து கீழ்வரை செங்குத்தான கோடுகள், திரையில் மழை பெய்கிறதைப் போல, நான் சிரித்துக்கொள்கிறேன், வந்துட்டாரு, இந்த மனுசன் மறுபடியும் வேலிக்குள்ள வண்டியக் கொண்டாந்துட்டாரு, சன்னலில்லாத அந்தத் தகர அறையில் எனக்கு வெளியுலகம் அந்தத் திரைதான், தாராபுரத்துக்குத் தெற்கே வேலாமரங்களுக்கு நடுவே நட்டிருக்கிற ஆன்டெனாக்கள் சூரியனின் ரேடியோ இரைச்சலை வாங்கி அனுப்பும், நிறமாலைமானி அதை அலைவரிசை வாரியாகப் பிரித்து வண்ணங்களாகத் திரையில் ஓடவிடும், பொழுது கிளம்பியதிலிருந்து சாயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை, ஆன்டெனாக்களையும் கேபிள்களையும் பழுது பார்ப்பது என் வீட்டுக்காரர் சென்னியப்பனின் வேலை. சூரியனிலிருந்து வருவது சாய்ந்து வரும், அங்கே வெடித்துக் கிளம்பியது விலக விலக அலைவரிசை இறங்கிக் குரல் தணிந்துகொண்டே போகும், மண்ணிலிருந்து வருவது எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் விழுந்து நேராக நிற்கும், வெல்டிங் பொறியோ அவருடைய மொபெட்டோ எதுவானாலும், அதனால் வண்டிகள் வேலிக்கு வெளியே வாகை மரத்தடியோடு நின்றுவிட வேண்டும், செல்போன்கள் வாசலில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டும், அவர் தன்னுடையதைப் போடும்போதெல்லாம் முணுமுணுப்பார், சூரியன் பேசறத ஒட்டுக்கேக்க ஊரே வாயப் பொத்தோணுமாக்கும், அவனென்ன உனக்கு மாமனா அம்மிணி, நான் சொல்வேன், மாமன்னாக் கொறட்டை விடுவாருங்களே, அவரு விடறதில்லீங்க.

அன்றும் பெட்டியின் மூடி சாத்துகிற சத்தம் கேட்டது, வாசலில் நின்றபடியே சொன்னார், தோள்பட்டை என்னமோ புடிச்சாப்ல இருக்குது, எண்ணெய் போட்டு நீவினாச் செரியாப் போயிரும், தட்டப்பயித்தங்கொழம்புல எனக்கும் வெச்சிரு, நீயே வழிச்சுப் போட்டுக்காத, வெப்பனுங்க போங்க என்றேன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கொஞ்ச நேரத்தில் அது தொடங்கியது, வருடக்கணக்கில் காத்திருந்தால் எப்போதாவது கிடைக்கிற சூரியப் பெருவெடிப்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள் அவசரமில்லாமல் சரிந்து இறங்குகின்றன, இறங்கிக்கொண்டே இருக்கின்றன, அவற்றின் குறுக்கே இந்தக் கோடுகள், சிரிப்பு போய் எரிச்சல் வந்தது, அணைங்க, வண்டிய அணைங்க என்கிறேன் திரையிடம், கோடுகள் நிற்கவில்லை, திட்டுவதற்காகத்தான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன், வெயிலில் கண் கூசி முதலில் வண்டிதான் தெரிந்தது, ஸ்டாண்டில் நின்று தடதடத்துக்கொண்டு, கேபிள் சுருளைத் தோளில் தூக்க முடியாமல் வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார், இறக்கிப் போட்டதும் போய்விடலாமென்று இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார், மேற்கு வரிசை ஆன்டெனாக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், சுருள் மடியில், அந்த நாள் இப்போதும் கனவில் வருகிறது, கனவில் ஒவ்வொரு முறையும் தூங்குகிறாரென்றுதான் கிட்டே போகிறேன், குறட்டை கேட்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொள்கிறேன், வண்டியை அணைத்தது நான்தான், திரையில் கோடுகள் நின்றது அந்த இடத்தில்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அந்த நாளின் பதிவை அனுப்பச் சொல்லி ஆய்வாளர்கள் எங்கெங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், மண்ணின் இரைச்சலை வெட்டிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம், வெட்டுகிறவள் நான், நிலையத் தலைவர் சாந்தகுமாரி மேடம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நீங்க பண்ண வேண்டாம்மா, வேற யாரையாவது பண்ணச் சொல்றேன் என்றார், வேண்டாமுங்க மேடம், அது அவரு வண்டீங்க, எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு எனக்குத்தானுங்க தெரியும். அந்தக் கோடுகளில் ஏதோ ஒன்றுவரை அவர் இருந்தார், அடுத்ததில் இல்லை, எது என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, வெட்டிவிட்டால் அவருடைய கடைசிச் சத்தம் போய்விடும், வெட்டாவிட்டால் வெயிலில் நின்று அவர் திருகு முடுக்கிய ஆன்டெனாக்களுக்குக் கிடைத்த அந்தப் பெருவெடிப்பு யாருக்கும் உதவாமல் போய்விடும், கை சுட்டியின் மேலேயே கிடந்தது, மேடம் மெதுவாகச் சொன்னார், வேணும்னா ரெண்டு பக்கமும் இருக்கறத வெச்சு நடுவுல நிரப்பிடலாம், வெட்டினதே தெரியாது. வெட்டலாமுங்க, நிரப்பக் கூடாதுங்களே, நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க, என்றேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார், வெட்டினேன்.

அந்தப் பதிவின் படம் இப்போது பல ஊர்களில் இருக்கிறது, எனக்கும் ஒன்று எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், இன்றும் பொழுது கிளம்ப வந்து போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அதன் கீழேதான் உட்கார்கிறேன், நான் ஓட்டி வந்த அவருடைய வண்டி வாகை மரத்தடியில், வேலிக்கு வெளியே, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, படத்தில் இரண்டு பட்டைகளும் சரிந்து வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன, அதைத் தாண்டி அதே சாய்வில் மறுபடி இறங்கிப் போகின்றன, நடுவே நிறமே இல்லாத அந்த இடம், மேலிருந்து கீழ்வரை, நேராக, அதை யாரும் நிரப்பவில்லை.