கதிரை வரிசை

இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் நல்லது என்று டொக்டர் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. நாவுல – மாத்தளை பஸ் ஓட்டி ஓய்ந்தவன் நான். இரண்டு பாதை ஒரேமாதிரி நல்லதாக இருந்து ஒருநாளும் கண்டதில்லை. என் குடலிறக்கமோ தொடை இடுக்கில் நெல்லிக்காயாகத் தொடங்கி, தம்புள்ளைச் சந்தைக்குத் தனி லொறியில் அனுப்பும் அளவுக்கு விளைந்திருந்தது. ஒரு வெட்டு வெட்டி உள்ளே வலை வைத்துத் தைக்கலாம். அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தால் போதும். அல்லது மூன்று சிறு துளை, ஒரு கமரா, அதே வலை. நோவு குறைவு, ஆனால் முழு மயக்கம்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்பத் தள்ளிப்போடாதீங்க, குடல் சிக்கினா ஆபத்து."

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நெற்றி தரையில் படத் தொழவேண்டும். மாதக்கணக்காகப் பள்ளிவாசலில், குனிய முடியாதவர்கள் உட்கார்ந்து தொழும் கதிரை வரிசையில் இருந்து தலையை மட்டும் தாழ்த்துகிறேன். இடப்பக்கம் எங்களுக்கு மூத்தவர் ஸக்கரியா நானா, இதே நோய்க்கு வெட்டிக்கொண்டவர். வலப்பக்கம் ஸெய்னுலாப்தீன், துளை போட்டுக்கொண்டவன்.

"வெட்டுதான் பாதுகாப்பு தம்பி. டொக்டர் நேர்ல பாத்துத் தைக்கிறாரு."

"கமராவுக்குத் தெரியாததா நானா? நான் அடுத்த கிழமையே கடை தொறந்தேன்."

அப்படியானால் இருவரும் ஏன் இன்னும் கதிரையில்? இரண்டு வலையும் கிழிந்துவிட்டதா? மனைவி ஸுபைதாவிடம் கேட்டேன்.

"ஒங்களுக்குப் பயம். அதுக்கு அந்த ரெண்டு பேரையும் ஏன் இழுக்கிறீங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும், என் தஸ்பீஹ் மாலையைத் தெரியாமல் விழுந்ததுபோலத் தரையில் போட்டேன். இரண்டு பேரும் ஒரே மீனுக்குப் பாய்ந்த கொக்குகள்போல மடிந்து குனிந்தார்கள். தலைகள் மோதிய சத்தம் சீகிரியா வரை கேட்டிருக்கும்.

"ஒப்பரேஷன் செஞ்ச எடம் நோகலியா?"

"எதுக்கு நோகணும்? அது ஆறி எவ்வளவு காலம்!"

"அப்ப கதிரை?"

இருவர் கண்களும் மேலே போயின. பள்ளியிலேயே ஒழுங்காகச் சுற்றும் ஒரே மின்விசிறி எங்கள் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை டொக்டரிடம் சொன்னேன்: "வெட்டுங்க. ஆனா நான் முழிச்சிருந்து பாக்கணும். நான் தூங்கையில யாரும் எனக்குள்ள வலை வீசக்கூடாது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒப்பரேஷன் மேசையில் ஊசி போட்டார்கள், இடுக்கு விறைத்தது. கண்ணைக் கழுவிய பருந்துபோலக் காத்திருந்தேன். அப்போது தாதி வந்து, என் நெஞ்சுக்கு மேல் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினாள். அந்தப் பக்கம் ஏதோ உலோகம் கிணுங்கியது. எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். நெற்றி துணியில் போய்ப் பட்டது.