சினைக் கட்லா

கன்னியப்பனுக்கு மீன் என்றால் உயிர் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கோடையில் அவருக்கு உயிராக இருந்தது ஒரே ஒரு மீன்தான். உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற வழியில் அவர் நிலம், வீட்டை ஒட்டியே. அங்கே பண்ணைக்குட்டையில் விட்டிருந்த கட்லாக்களில் ஒன்று, மற்றவற்றைப் போல ஆழத்தில் கிடக்காமல் கரையோரமாக மேலேயே மிதந்துகொண்டிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. கையை நீட்டினால்கூட ஓடாது. பிள்ளைத்தாச்சி அப்படித்தான் அசைந்து அசைந்து போவாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். சினை மீன், என் பெண்ணுக்கு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டார். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

பெண் வளர்மதிக்கு ஏழாம் மாதம். பழையசீவரத்தில் புருஷன் வீட்டில் வளைகாப்பு முடிந்துவிட்டது. இனி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தாய்வீடு என்று பெயர், தாய்தான் இல்லை. ஞானசுந்தரி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. போன தடவை வளர்மதிக்கு ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து போனது வேறு. அதனால் அவள் மாமியார் எல்லம்மாளுக்கு அரை மனசுதான். ஒண்டி ஆம்பளையை நம்பி எப்படி விடுவது என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள். கன்னியப்பன் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று அவள் இன்னும் ஒரு பழந்துணிகூடக் கிழித்து வைக்கவில்லை. போன தடவை ஆசைப்பட்டு முன்கூட்டியே கிழித்ததுதான் ஆகவில்லை என்று அவளுக்கு ஒரு பயம்.

கன்னியப்பன் அந்த மீனைத்தான் மலைபோல நம்பியிருந்தார். மனைவி போன பிறகு சமையலைக் கற்றுக்கொண்டவர் அவர். குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். சினை மீன் குழம்பில் ஒரு வாய் சாப்பிட்டால் சம்பந்தியம்மா வாயடைத்துப் போவாள், மகளை விட்டுவிட்டுத்தான் போவாள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார்.

ஆட்டோ வந்தது. வளர்மதியின் பையை இறக்கி வைத்த கையோடு குட்டைக்கு ஓடினார். மீனை வலைகூடப் போடாமல் அள்ளிக்கொண்டு வந்தார். குழாயடியில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தார். சம்பந்தியம்மா பார்க்கட்டும் என்று நாற்காலியையும் அங்கேயே போட்டிருந்தார். செதில் சீவி, வயிற்றைக் கீறினார்.

சினை வரவில்லை. வெள்ளை நாடாவைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தது மாதிரி புழுக்கள் வழிந்து வந்தன. ஒவ்வொன்றும் முழ நீளம் இருக்கும். பலகை மேல் விழுந்து நெளிந்தன.

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. அதை மூன்று பேருமே பார்த்துவிட்டார்கள். மீனின் வயிறும் மகளின் வயிறும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதும் கன்னியப்பனுக்கு ஒரு நினைப்பு வந்தது. பெற்ற அப்பனுக்கு அப்படி ஒரு நினைப்பு வரலாமா என்று சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

எல்லம்மாள் சத்தம் போடவில்லை. “எழுந்திரு மதி. பைய எடு,” என்றாள். அவ்வளவுதான். வந்த ஆட்டோ தெருமுனை டீக்கடையில்தான் நின்றிருந்தது, அதிலேயே இருவரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு கன்னியப்பன் பலகையிலிருந்த புழுக்களை வழித்தெடுத்தார். பிறகு மீனையும் புழுவையும் ஒரு கவரில் போட்டுக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து மீன் ஆபீசுக்குப் போனார். அங்கே பிரபா என்று ஒரு அதிகாரி. சின்ன வயசு, ஆனால் முகம் சுளிக்காத பெண். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாடாப்புழு என்றாள். இந்த வயசுக் கட்லாவுக்குச் சினையே வராது, புழு வயிறு முட்ட வளர்ந்ததால்தான் முங்க முடியாமல் மிதந்திருக்கிறது என்றாள். மனுஷருக்கு இது ஒட்டாது, கழுவிக் கழித்து வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்றும் சொன்னாள். பிறகு, குட்டைக்குப் பறவை வருமா என்று கேட்டாள்.

வராமல் என்ன? வேடந்தாங்கல் இருக்கிற சீமையில் நீர்ப்பறவையை யார் விரட்டுவார்கள்? ஞானசுந்தரி இருந்த காலத்திலிருந்தே மீன் கழுவினால் குடலைக் கரையில் வைத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். கொக்கும் நாரையும் காத்திருந்து தின்னும். அவள் போன பிறகும் ஒரு நாள் தவறாமல் அவர் வைத்து வந்தார்.

“பாவம், அதுங்களும் வயிறு வளக்கணும்ல, மேடம்,” என்றார்.

பிரபா அவரைத் திட்டவில்லை. குடலோடு போன புழு பறவையின் வயிற்றில் முட்டை வைக்கும், முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழும், தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதைத் தின்னும், பூச்சியை மீன் தின்னும் என்று மெதுவாகச் சொன்னாள். மனைவியை நினைத்துச் செய்த காரியம் மகள் காலைச் சுற்றிவிட்டதே என்று கன்னியப்பன் மருகினார்.

திரும்பி வந்தவர் ஆள் வைத்துக் குட்டையை இறைத்தார். நோயில்லாத மீன்களைத் தொட்டியில் விட்டார். சேற்றில் சுண்ணாம்பு அடித்தார். பறவை இறங்காதபடி மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார். அப்புறம் ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பழையசீவரம் போனார்.

மகளை அனுப்பு என்று அவர் கேட்கவில்லை. எல்லம்மாள் எதிரில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“புண்ணியம்னு நெனச்சி நாந்தான் கொக்குக்குக் குடல போட்டுக்கினு இருந்தேன், சம்பந்தியம்மா. அதுல வந்ததுதான் அந்தப் புழு. என் கைத்தப்பு. அது சகுனம் இல்ல. எங்க மதிய அதோட சேத்து மட்டும் நெனச்சிடாதீங்க.”

எல்லம்மாள் காபி மட்டும் கொடுத்தாள். கதவோரம் நின்ற வளர்மதி முகம் வெளிறிப் போயிருந்தது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் ஆட்டோ நின்றது. எல்லம்மாள் முதலில் இறங்கி, மருமகளைக் கைபிடித்து இறக்கினாள். வண்டிக்காரரை நிற்கச் சொன்னாள். இன்றைக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று கன்னியப்பன் நினைத்துக்கொண்டார்.

“மீன் எதனா கீதா, சம்பந்தி?” என்றாள் எல்லம்மாள்.

தொட்டியிலிருந்து ஒன்றைப் பிடித்தார். அதே குழாயடி, அதே அருவாமனை. வயிற்றைக் கீறினார். எல்லம்மாள் குனிந்தே பார்த்தாள். உள்ளே குடல் மட்டும்தான் இருந்தது. கொட்டாங்குச்சியில் அதை வழித்துக்கொண்டு கொல்லைக்குப் போய், குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டார். குட்டைக்கு வழக்கமாக வரும் கொக்கு மதில் மேல் வந்து நின்று அவர் கையையே பார்த்தது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதை நினைத்தும் அவருக்கு மனசு கஷ்டப்பட்டது.

குழம்பு கொதித்து இறங்கியது. தட்டு வைத்ததும் வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லம்மாள் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

“மொதல்ல எனக்குப் போடுங்க.”

ஒரு துண்டை முள் நீக்கித் தின்றாள். நிதானமாக மென்று விழுங்கினாள். இன்னொரு துண்டையும் தின்றாள். பிறகு தட்டை மருமகள் முன்னால் தள்ளினாள். “உப்பு ஒறப்பு எல்லாம் சரியா கீது. நீ தின்னு மதி,” என்றாள். வளர்மதி ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே கரண்டியை எடுத்து இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள்.

எல்லம்மாள் கையைக் கழுவிக்கொண்டே, “பை வண்டியிலயே கீது. எறக்கி வைங்க, சம்பந்தி,” என்றாள்.

கன்னியப்பன் வாசலுக்குப் போனார். பை போன தடவையை விட இரண்டு மடங்கு உப்பியிருந்தது. ஜிப் மூடவில்லை. உள்ளே பழைய வேட்டியும் நூல் சேலையும் சின்னச் சின்னதாகக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து அடுக்கியிருந்தது. இன்றைக்கு மீனை அறுத்துப் பார்ப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே எல்லம்மாள் துணியைக் கிழித்திருக்கிறாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெரு என்றும் பாராமல் அழுதார்.

ரெண்டு பேரும் கிளம்ப இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

“திரும்பிப் போவ ஒரு ஆளுதாம்பா,” என்றார் கன்னியப்பன்.