கறுப்பு மண்ணில் நாலு விரல்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை, கண்டியில் நடந்த உக்ரேனியக் கலைக் கண்காட்சியில் பரப்பியிருந்த கறுப்பு மண்ணின் மேல், நாலே விரல் உள்ள ஓர் இடது காலின் தடம் பதிந்திருந்தது. முந்தின நாள் மாலை மண்டபத்தைப் பூட்டும்போது அது இல்லை. சாவி ஒன்றுதான்; அது காவலாளி ஹுஸைனிடம் இருந்தது; ஹுஸைனுக்குப் பத்து விரல்களும் ஒழுங்காக இருந்தன. அடுத்த நாள் அதற்கு முன்னால் ஒரு வலது தடம். அதற்கடுத்த நாள் மறுபடியும் நாலு விரல். இப்படி நாளுக்கொரு அடியாக அது நடந்தது. அந்த வாரம் கண்டியில் மழை பிந்தியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தடத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்கள் அதுவும் கலையில் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மண்ணைக் கொண்டுவந்தவர் லெஸ்யா என்ற கலைஞர். கார்கிவ் பக்கம், எல்லையோரக் கிராமத்தில் அவருடைய அப்பாவுக்கு இருந்த கோதுமை வயலின் மண் அது. அதற்கு முந்தின வருடம் அந்த வயல் ரஷ்ய, உக்ரேனியப் படைகளுக்கு இடையே மாறி மாறிக் கைமாறி, கடைசியில் கண்ணிவெடியைத் தவிர எதுவும் விளையாத இடமாகிவிட்டது. ஆறு பெட்டி மண்ணைச் சூளையில் வறுத்து, “இதில் உயிருள்ளது எதுவும் இல்லை” என்று பத்திரம் வாங்கித்தான் கப்பலில் ஏற்றினார்கள். அந்தப் பத்திரத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். உடைக்கப்பட்ட அணையின் படங்கள், எரிந்த காட்டில் முன்பு பாடிய பறவைகளின் ஒலிப்பதிவு, பெயர் மாற்றப்பட்ட ஊர்களைப் பழைய பெயரோடு பூவேலை செய்த துணி, எல்லாம் இருந்தன. ஆனால் கண்காட்சியின் நடு மண்டபத்தில் இருந்தவை இரண்டு மண் பாத்திகள். ஒன்று லெஸ்யாவின் கறுப்பு மண். அதை ஒட்டி, அதே நீள அகலத்தில், மடுல்கெல்லத் தோட்டத்துச் சிவப்பு மண். தூரத்து அரசர்களின் ரொட்டிக்காக ஒரு மண்ணும் தேநீர்க் கோப்பைக்காக இன்னொரு மண்ணும் பறிபோயின என்பது லெஸ்யாவின் எண்ணம். “நம் இரண்டு பேரையும் ஏமாற்றியவர்கள் ஒரே மாதிரித்தான் பேசினார்கள்” என்று அவர் திறப்பு விழாவில் சொன்னதை, மொழிபெயர்ப்பாளராக வந்த கண்டிப் பெண் ஷெரோன் தமிழில் சொன்னாள். சிவப்பு மண்ணைக் கொழுந்துக் கூடையில் சுமந்து வந்த நாலு தோட்டத்துப் பெண்களும் கை தட்டினார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி பெற்றீசியா.

அவர்களை வேனில் கூட்டி வந்தது பெற்றீசியாவின் அண்ணன் அந்தோனிமுத்து. தோட்டத்துக் கோயில் சபைக்குத் தலைவர் அவர்தான். கோயில் ஒலிபெருக்கியும் ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் ஓடும் வேனும் அவருடையவைதான். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் கால் கழுவியதன் நினைவாகச் சாமியார் கால் கழுவுவதற்கு, கதிரைகளில் உட்காரும் பன்னிரண்டு ஆண்களைத் தெரிந்தெடுப்பதும் அவரே. முதல் கதிரை எப்போதும் அவருக்கு. பன்னிரண்டாவது கதிரை, பெற்றீசியாவின் கணவன் கிளின்ரனுக்கு. பத்தொன்பது வயதில் கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடிக்கு ஓங்கிய கத்தி கிளின்ரனின் இடது கால் சுண்டுவிரலைக் கொண்டுபோனது. வருடா வருடம் சாமியார் அந்தக் காலைத் துடைக்கும்போது தோட்டமே பார்த்திருக்கிறது. ஆகவே அந்தத் தோட்டத்தில் ஒருவர் கால் எல்லோருக்கும் தெரியும் என்றால் அது கிளின்ரனின் கால்தான்.

கிளின்ரன் 2024 ஜனவரியில் ரஷ்யாவுக்குப் போனான். ஹோட்டலில் சமையல் வேலை என்று அந்தோனிமுத்து சொன்னார். அவர் அனுப்பிய ஒன்பது பேரில் அவன் நாலாவது. முதல் மாதங்களில் “சேர்ந்துட்டேன்”, “குளிர்” என்று ஒற்றை வார்த்தைகள் வந்தன. ஜூனில், புது நம்பர் என்று ஒன்றிலிருந்து வேறு மாதிரியான செய்திகள் வரத் தொடங்கின. சாப்பிட்டியா, முதுகு நோவு எப்படி, மழையில் மலைக்கு ஏறாதே. பதினாறு வருடக் கலியாணத்தில் கிளின்ரன் வாயால் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. தூரம் போனால் மனுசன் இளகுவான் போல என்று பெற்றீசியா நினைத்தாள். அவளும் எழுதினாள். புருஷனுக்கு மட்டும் சொல்லக்கூடியதையெல்லாம் எழுதினாள். போனில் அழைக்கக் கூடாது, வேலை இடத்துச் சட்டம் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், பத்து மாதமாக ஒரு தடவைகூட அந்த நம்பருக்கு அழைக்கவில்லை. நாற்பது வயதில் அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்து குடியேறியதை மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள்.

மார்ச் 22, சனிக்கிழமை, நாலு பெண்களையும் பேச அழைத்திருந்தார்கள். பெற்றீசியா மண்டபத்துக்குள் வந்து, கறுப்பு மண்ணைப் பார்த்து, அங்கேயே குந்தினாள்.

“மிஸ், இது எங்க வீட்டுக்காரரு கால்” என்றாள் ஷெரோனிடம்.

“காலுன்னா எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க” என்றார் அந்தோனிமுத்து. சொல்லிவிட்டு, தண்ணீர் எடுத்து வருவதாக வேனுக்குப் போனார்.

அப்போது பகல் பதினொரு மணி. அதுவரை நாளுக்கொரு அடி வைத்த தடம் அன்று எல்லோரும் பார்த்திருக்க நடந்தது. கறுப்பு மண்ணைக் கடந்து, சிவப்பு மண்ணில் மூன்று அடி வைத்து, சீமெந்துத் தரையில் கறுப்பாகப் பதிந்து, வாசலைத் தாண்டி, படி இறங்கியது. கூட்டம் கை தட்டிக்கொண்டே பின்னால் போனது. தடம் வேனின் சாரதிக் கதவுக்கு முன்னால் போய் இரண்டு கால்களையும் சேர்த்து நின்றது. பெற்றீசியாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. “நான் சுகம். நாற்பது பேருக்குச் சமைக்கிறேன். நீ வீண் கவலைப்படாதே.” அவள் முதல் தடவையாக அந்த நம்பருக்கு அழைத்தாள். வேனுக்குள், அந்தோனிமுத்துவின் கையில், போன் அடித்தது.

அவர் அதை நிறுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“எப்பண்ணே?” என்றாள்.

“போன மே மாசம். பட்டாளத்துல சேத்து சண்டைக்கு அனுப்பிட்டாங்களாம். கூட இருந்த பையன் ஒருத்தன் சொன்னான். உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல பெற்றீ. நீ தாங்க மாட்ட.”

“நான் எழுதினதெல்லாம் நீ படிச்சியா?”

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். மரணச் செய்தி அவளை அன்று அவ்வளவு தாக்கவில்லை. அப்படிக் கவிழ்த்து வைத்ததுதான் தாக்கியது. அவளுக்கு இரண்டு தடவை துரோகம் நடந்தது, ஒரே ஆளால். கிளின்ரனை அனுப்பியதை எந்தக் காலத்திலாவது மன்னிக்கலாம். அவன் பெயரில் அவளை நேசித்ததை என்ன செய்வது? பின்னாளில் அவள் சொன்னாள்: அந்தச் செய்திகளை அவள் அழிக்கவில்லை, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கமாக இருந்தது. கூட்டம் கலைந்தபின், மற்ற மூன்று பெண்களோடு அவள் பஸ்ஸில் வீடு போனாள்.

பங்குச் சாமியார் நல்லவர். ஆத்துமப் பூசை வைக்கிறேன், ஆனால் சவக்காலையில் கல்லறை எழுப்புவதென்றால் புதைக்க ஏதாவது வேண்டும் அம்மா என்றார். அதனால் பெற்றீசியா, கண்காட்சி முடியும் நாளன்று, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கண்டிக்கு வந்து லெஸ்யாவிடம் கறுப்பு மண் கேட்டாள். ஷெரோன் மொழிபெயர்த்தாள். லெஸ்யா அந்த வாளியைப் பார்த்தார். அவரும் ஏமாந்துதான் போயிருந்தார். அடிமைப்பட்ட மண்ணில் தன் துயரத்துக்கு ஒரு சகோதரி கிடைப்பாள் என்று கடல் தாண்டி வந்தவருக்கு, தன் வயலில் துவக்கோடு நின்றவனின் மனைவி கிடைத்தாள்.

“உங்கள் கணவர் என் அப்பாவின் வயலுக்கு எதற்கு வந்தார்?”

“சமைக்கத்தான்மா போனாரு. சமையல்னுதான் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க.”

“என் அப்பா அதே வயலில்தான் செத்தார். யார் சுட்டது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

பெற்றீசியா தலையை ஆட்டினாள். தெரியாது என்பது உண்மை. ஒரு பிடிகூடத் தர முடியாது என்று லெஸ்யா சொன்னார். மண் ஆறு பெட்டிகளுக்குள் திரும்பிப் போய் அடுத்த நகரத்துக்குப் பயணமானது. பெற்றீசியா வெறும் வாளியோடு திரும்பினாள். இதை எழுதுகிறவனுக்கு இரண்டு பெண்களில் எவர்மேலும் கோபம் வரவில்லை, அதற்கான ஆள் வேறு.

தடம் மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. வேன் நின்ற இடத்திலிருந்து அது மிச்சத் தவக்காலம் முழுக்கத் தோட்டத்தை நோக்கி நடந்தது. வத்தேகமையில் கண்டார்கள், பன்விலச் சந்தியில் இரண்டு நாள் நின்றது, வழி தெரியாமல் அல்ல, களைப்பில் என்று மக்கள் சொன்னார்கள். மடுல்கெல்ல பஸ் ஓட்டும் ஷப்ராஸ் காலையில் அதன்மேல் சில்லு ஏறாமல் வளைத்து ஓட்டப் பழகிவிட்டான். இதற்கிடையில் ஒன்பது குடும்பங்களும் அந்தோனிமுத்துவின் வாசலில் போய் நின்றன. கொழும்பு ஏஜென்ட் என்னையும் ஏமாத்திட்டான் என்று அவர் அழுதார். அது பாதி உண்மை. பொலிஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தார். சபைக் கூட்டத்தில் அவரை விலகச் சொல்ல எல்லோரும் வாயைத் திறந்தார்கள். ஒலிபெருக்கியும் வேனும் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன். பன்னிரண்டு கதிரை போட்டார்கள். பன்னிரண்டாவதில் யாரும் உட்காரவில்லை. தடம் கோயிலின் நடுவழியாக வந்து அதற்கு முன்னால் நின்றது. சாமியார் முதல் கதிரையிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் அன்று கடைசியிலிருந்து தொடங்கினார். வெறும் கதிரைக்கு முன்னால் முழங்காலிட்டுத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கீழே வைத்த பேசினுக்குள் அழுக்கில்லாமல் தெளிவாக விழுந்தது. இவ்வளவு தூரம் நடந்து அந்தக் கால் ஏற்கெனவே சுத்தமாகிவிட்டிருந்தது. துண்டால் ஒற்றினார். அதோடு தடம் மறைந்தது, பிறகு எங்கேயும் யாரும் அதைக் காணவில்லை.

கடைசியாகக் கழுவ வேண்டிய முதல் கதிரையில் அந்தோனிமுத்து வெள்ளை வேட்டியும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்த காலுமாய் உட்கார்ந்திருந்தார். சாமியார் ஊற்றிய தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டதும் கறுத்தது. மறுபடி ஊற்றினார். கறுப்பு மண் விரலிடுக்குகளிலிருந்து கூழாக வழிந்தது. பேசின் நிறைந்தது; பீடப்பணியாளர் வேறு பேசின் கொண்டுவந்தார்; அதுவும் நிறைந்தது. அந்தோனிமுத்து காலை இழுக்கப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பெற்றீசியா எழுந்து வந்தாள். கையில் அந்த வாளி இருந்தது. கண்டியிலிருந்து வெறுமனே திரும்பிய நாளிலிருந்து அவள் அதை எதற்கும் பயன்படுத்தவில்லை.

“காலை எடுக்காதண்ணே” என்றாள். “இன்னும் வரட்டும்.”

சாமியார் ஊற்றினார். அவள் அள்ளினாள். வாளி நிறையும்வரை பாட்டுக் குழு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாயன்று அந்த மண்ணைச் சவக்காலையில் புதைத்து, கிளின்ரனின் பெயரோடு சிலுவை நட்டார்கள். இறந்த தேதி யாருக்கும் தெரியாததால் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். ஷெரோன் வாளியைப் படமெடுத்து லெஸ்யாவுக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: “நிறம் சரிதான்.”

இந்த வருடமும் பெரிய வியாழன் வந்தது. அந்தோனிமுத்து வரவில்லை என்று சொல்லிப் பார்த்தார், சபை விடவில்லை. ஆளும் திரும்பாத, புதைக்க எதுவும் வந்து சேராத மற்ற எட்டுக் குடும்பத்துப் பெண்களும் வாளியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் இந்தத் தடவையும் கறுத்தது. பதினொரு பேருக்கு ஒரு பேசின் போதும், அந்தோனிமுத்துவுக்குத் தனியாக நாலு பேசின் வேண்டும் என்று கோயில் சாமான் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.