காட்டேரிக்கு உடம்பு கொடுத்தவள்

காலையிலிருந்தே கலினாவின் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி, பிறகு தொடையிலிருந்து பாதம்வரை மரத்துப்போகும். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேமில் வரும் காட்டேரிக்கு உடம்பு கொடுத்தவள் அவள்தான். முகம் ஒரு நடிகனுடையது, குரல் இன்னொருத்தனுடையது. நடை, பாய்ச்சல், கழுத்தைக் கவ்வுகிற வெறி எல்லாம் இவளுடையது. கேம் வெளிவரும்போது பெயர் யாருக்கோ போகும், அது வேறு வயிற்றெரிச்சல். ஆனாலும் அந்தக் காட்டேரி இவள் பெற்ற பிள்ளை மாதிரி.

போலந்தின் வார்சாவில், ஆற்றுக்குக் கிழக்கே, பழைய தொழிற்சாலை ஒன்றுதான் படப்பிடிப்புக் கூடம். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, அதில் ஐம்பது வெள்ளை உருண்டைகள். கேமராக்களுக்கு உருண்டைகள் மட்டும்தான் தெரியும். இவள் கையைத் தூக்கினால் திரையில் காட்டேரி கையைத் தூக்குவான். அதனால் அங்கே எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்கிற வழக்கமே இல்லை.

ஹன்கா ஒருத்திதான் பார்த்தாள். கணினியில் அசைவுகளைத் திருத்துகிறவள், கலினாவின் தோழி.

"ஏய், என்னடி காலை இழுக்கிற?"

"தூக்கமில்ல. விடு."

"பொய் சொல்லாத. டைரக்டர் லுபோமிர் பார்த்தான்னா தொலைச்சிடுவான்."

"நீ பார்க்காத மாதிரி இருந்தா அவனும் பார்க்கமாட்டான். இன்னிக்கு ஒரு நாள்தான்டி, ப்ளீஸ்."

ஹன்கா பெருமூச்சு விட்டாள். "சரி, நொண்டுறதை மிஷினே நிமித்துற மாதிரி போட்டுடறேன். உருண்டை மறைஞ்சாலும் பழைய அசைவை வச்சு அதுவே நிரப்பிக்கும். அவனுக்குச் சந்தேகமே வராது."

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் பிறகு வினையாக வந்தது.

இயக்குநர் லுபோமிர் கை தட்டினான். "கலினாம்மா, முன்னோட்டத்துக்கு இதுதான் கடைசி ஷாட். கோபுரத்துலேர்ந்து குதிக்கிறான், எழுந்திரிக்கிறான், நம்மளை நோக்கி நடந்து வர்றான். தூள் கிளப்பு!"

முரசு இசை கூடமே அதிர முழங்கியது. மூன்று ஆள் உயர மேடையின் விளிம்பில் கலினா நின்றாள். கீழே மெத்தை தெரிந்தது, இடது பாதம் இருக்கிற இடம் தெரியவில்லை. 'வேண்டாம்னு சொல்லிடு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. அவள் குதித்தாள்.

கால் மடங்கியது. மெத்தையின் ஓரத்தில் இடுப்பு மோதிற்று. உள்ளே எதுவோ முறிகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு வலியே இல்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஐயோ, வலித்தாலாவது தேவலையே!

பெரிய திரையில் காட்டேரி ஒரு கணம் தடுமாறினான். அவளுக்கடியில் நசுங்கி மறைந்த உருண்டைகளைத் தேடிப் பார்த்த மிஷின், கிடைக்காததால் முந்தைய நாட்களின் அசைவுகளை எடுத்துத் தானே நிரப்பிக்கொண்டது. அவன் கம்பீரமாக எழுந்தான். நொண்டவே இல்லை.

"அப்படிப் போடு! நடையைப் பாருங்கடா!" லுபோமிர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தினான். கூடமே கைதட்டியது. ஹன்காவும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கலினா கால் கட்டைவிரலை அசைக்கப் பார்த்தாள். அசையவில்லை. அங்கே திரையில் அவளுடைய நடையை நடந்தபடி காட்டேரி வந்துகொண்டிருந்தான்.

"ஹன்கா," என்றாள், குரல் எழும்பாமல். "நான் கீழ கிடக்கேன்டி."

முரசு நிற்கவில்லை. யாரும் திரும்பவில்லை.